மனையும் ஆமையும்: ஜீயபுரம் முதல் பரக்பூர் வரை

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே, காவிரியின் தென்கரையில், கரூர்ப் பெருவழியை ஒட்டி அமைந்த சிற்றூர் ஜீயபுரம். பங்குனிப் பெருவிழாவில் திருவரங்கத்து நம்பெருமாள் எழுந்தருளும் ஆத்தான மண்டபம் இவ்வூரில் உள்ளமையால் வைணவ உலகம் இதனை நன்கு அறியும். பேரன் வரவை நோக்கியிருந்த மூதாட்டி ஒருத்திக்கு அப்பேரன் வடிவிலேயே அரங்கன் வந்து அவள் இட்ட உணவை ஏற்றான் என்னும் செய்தியும் இவ்வூரோடு சார்த்திச் சொல்லப்படும். சில ஆண்டுகட்கு முன்னர் அவ்விழாக் காணச் சென்ற யான், வாழைத் தோட்டம் உடைய வேளாளர் ஒருவர் இல்லத்தில் ஒரு பகற்பொழுது தங்க நேர்ந்தது. அன்று அவர் வீட்டுக் கிணற்றில் தூர் எடுத்துக்கொண்டிருந்தனர். சேற்றோடு சேறாக ஓர் ஆமையும் வெளிவந்தது. ஓட்டின் நீளம் ஒரு சாணுக்கு மேல் இருக்கும். அதனை எவரும் எறியவில்லை, அடிக்கவுமில்லை. நீர் நிறைத்த தொட்டி ஒன்றில் இட்டு, வேலை முடிந்தபின் மீண்டும் கிணற்றிலேயே விட எண்ணினர். இடையில் அது தொட்டியினின்றும் எவ்வாறோ இறங்கி வீட்டின் பின்கட்டு வாயிலை நோக்கி நகரத் தொடங்கியது. அதுகாறும் திண்ணையில் அமைதியாக அமர்ந்திருந்த வீட்டுக்காரரின் அன்னையார் பதறி எழுந்தார். "கிணத்துல கிடக்கட்டும் தம்பி, வீட்டுக்குள்ள மட்டும் வரக்கூடாது" என்று என்னிடமே முறையிட்டார்.

கிணற்றில் இருக்கலாம், மனையுள் புகலாகாது என்னும் இவ்வேறுபாடே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய் ஆயிற்று. தமிழர் ஆமையை இல்லத்தில் வளர்த்தனரா? வளர்த்திலர் எனின் அதற்குக் காரணம் பழமொழி ஒன்றேதானா? கடல் கடந்து வந்த பேராமைகளை மாளிகைத் தோட்டங்களில் வைத்துப் போற்றிய ஐரோப்பியர் வழக்கம் இந்நாட்டிற்கு எப்போது வந்தது? இவற்றுள் மூன்றாம் வினாவிற்கும் திருவரங்கத்திற்கும் ஒரு தொடர்பு உண்டு. அதனைப் பின்னர்க் காண்போம்.

முதற்கண் சொல்லைக் கருதுவோம். நிலத்தில் வாழ்வது, நன்னீரில் வாழ்வது, கடலில் வாழ்வது ஆகிய மூன்றிற்கும் தமிழில் ஆமை என்பதே பொதுப்பெயர். சங்க நூல்களில் யாமை என்னும் வடிவம் பயின்று வரும். கமடம், கச்சபம், கூர்மம் என்பன வடசொற்கள். பாலாமை, காராமை, கடலாமை என அடைகொடுத்து வேறுபடுத்துவது மக்கள் வழக்கு. ஆங்கிலத்தார் நிலத்து ஆமைக்கும் நீர் ஆமைக்கும் வெவ்வேறு பெயர் வைத்துள்ளமையால், அவர்தம் நூல்களைத் தமிழில் தருவோர் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடுதல் உண்டு. ஓட்டின்மேல் மீன்வடிவக் கோலம் கொண்ட நட்சத்திர ஆமை நம் நாட்டின் நிலத்தாமை. அது சிறியது. ஓர் ஆள் ஏறி அமரத்தக்க பேராமை இன்று தமிழகத்தில் இயற்கையாக வாழ்வதில்லை. பண்டைக் காலத்தில் இந்தியாவிலும் அத்தகைய உயிர் இருந்ததென்பதற்கு இமயத்தின் அடிவாரத்துச் சிவாலிக் குன்றுகளில் கிடைத்த புதைபடிவங்கள் சான்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பால்கனர், காட்லி என்னும் இருவர் அவற்றைக் கண்டெடுத்தனர். அது மிகத் தொன்மையான காலத்துச் செய்தி. நம் ஆராய்ச்சிக்கு உரியதன்று.

சங்கச் செய்யுட்களில் யாமை அருவருப்புக்குரிய உயிராக எங்கும் பேசப்படவில்லை என்பது கருதத்தக்கது. புறநானூற்று 176ஆம் பாட்டில், விளையாடும் மகளிர் சேற்றைக் கிளறும்போது ஆமை முட்டையும் ஆம்பற் கிழங்கும் ஒருங்கே கிடைக்கின்றன. 379ஆம் பாட்டில், நெல் அரிவோர் தம் அரிவாள் மழுங்கியவிடத்துச் சேற்றில் கிடக்கும் ஆமையின் முதுகைக் கல்லெனக் கருதித் தீட்டுகின்றனர். நன்செய் நிலத்தில் நின்று கண்ணாற் கண்டவனுக்கன்றி இக்காட்சி தோன்றாது. முட்டையைப் புதைத்துவிட்டுச் செல்லும் ஆமையையும் அதனைக் காக்கும் ஆணையும் அகநானூறு 160 காட்டும். தாய் முகம் நோக்கியே ஆமைப் பார்ப்பு வளரும் என்னும் நம்பிக்கையைத் தலைவியின் நிலைக்கு உவமையாக்கும் செய்யுட்கள் ஐங்குறுநூற்றிலும் (44) குறுந்தொகையிலும் (152) உள்ளன. உண்மையில் ஆமை தன் குஞ்சைப் பேணுவதில்லை. முட்டையிட்டதோடு அதன் கடமை முடிந்தது. எனினும் அந்நம்பிக்கை பிற்காலத்தில் சமய நூல்களிலும் வேரூன்றியது. மீன் நோக்கினாலும், ஆமை நினைவினாலும், பறவை தீண்டுதலாலும் முட்டையைப் பொரிக்கும் எனக் கூறி, ஆசிரியன் மாணவனுக்குச் செய்யும் மூவகைத் தீக்கைக்கும் அவற்றைச் சைவர் ஒப்புமை காட்டுவர். ஐம்புலன் அடக்கத்திற்கு ஆமையை உவமித்த வள்ளுவர் வாக்கு (126) யாவரும் அறிந்ததே.

ஆயின் இவையனைத்தும் வயலிலும் பொய்கையிலும் கண்ட ஆமைகள். மனையை அடுத்து வாழ்ந்த ஆமையைக் காட்டும் பழஞ்சான்று எது? என் அறிவிற்கு எட்டியவரை அது திருநாவுக்கரசர் தேவாரத்தில் உள்ளது. ஏழாம் நூற்றாண்டினரான அப்பெரியார், கிணற்றில் வாழும் ஆமை கடலாமையைப் பார்த்துக் கடலும் இக்கிணற்றின் அளவினதோ என்று வினவுவதாக ஓர் உவமை கூறுகின்றார். கிணற்றுத் தவளை என்று இன்று நாம் வழங்குமிடத்தில் அவர் கூவல் ஆமை என்றார். உவமை கேட்பவருக்குத் தெரிந்த பொருளாக இருத்தல் வேண்டும். ஆகவே, கிணற்றில் ஆமை கிடத்தல் அக்காலத்தே எவரும் அறிந்த காட்சியாக இருந்திருத்தல் வேண்டும் என்று கொள்வதில் தடையில்லை. கிணற்று நீரில் விழும் புழுபூச்சிகளையும் அழுகலையும் தின்று நீரைத் தூய்மையாக வைக்கும் என்று கருதி ஆமையை விடும் வழக்கம் அண்மைக்காலம் வரை ஊர்ப்புறங்களில் இருந்தது. அதனை வளர்ப்பு என்று சொல்வதினும் குடியிருப்பு என்று சொல்லுதல் பொருந்தும். உணவிடுவார் இல்லை, பெயரிடுவார் இல்லை. அதே நாவுக்கரசர், உலைநீரில் இடப்பட்ட ஆமை இளஞ்சூட்டில் தன் நிலை அறியாது மகிழ்ந்து ஆடுவதனையும் வேறொரு பதிகத்தில் உவமையாக்குகின்றார். கிணற்றாமையும் உலையாமையும் ஒருவர் வாக்கிலேயே இருக்கின்றன.

இனி, ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படா என்னும் பழமொழிக்கு வருவோம். இதற்கு இக்காலத்தார் கூறும் புதுப்பொருள்கள் இரண்டு. கல்லாமை, பொறாமை, இயலாமை முதலிய சொற்களின் ஈற்றில் நிற்கும் ஆமையே இங்குக் குறிக்கப்பட்டதென்பர் ஒரு சாரார். மேடைப் பேச்சிற்கு அது சுவையானது, மறுப்பதற்கில்லை. ஆயின் அமீனா என்னும் இரண்டாம் உறுப்பு கண்ணுக்குப் புலனாகும் ஓர் ஆளைக் குறிப்பது. அதற்கு இணையாக நிற்கும் முதலுறுப்பும் கண்ணுக்குப் புலனாகும் உயிராகவே இருத்தல் முறை. எதிர்மறைத் தொழிற்பெயரின் ஈற்றுப் பகுதியைத் தனியே பிரித்தெடுத்து அதனை ஒரு வீட்டினுள் புகவிடுதல் இலக்கணத்திற்கும் ஒவ்வாது.

மற்றொரு சாரார், ஆம்பி பூத்த வீடு என்பதே ஆமை புகுந்த வீடு எனத் திரிந்தது என்பர். ஆம்பி என்பது காளானைக் குறிக்கும் பழஞ்சொல். உலை வையாத அடுப்பில் ஆம்பி முளைத்தமை கூறி வறுமையைக் காட்டும் பெருந்தலைச் சாத்தனார் பாட்டு (புறம் 164) இக்கருத்திற்கு வலிமை தருவதுபோல் தோன்றும். கருத்து அழகியது, எனினும் ஆம்பி என்னும் சொல் பேச்சு வழக்கினின்றும் நீங்கிய காலத்திற்கும் அமீனா என்னும் சொல் வந்த காலத்திற்கும் இடைவெளி மிகப் பெரிது. அமீன் என்பது நம்பிக்கைக்குரியவன் என்னும் பொருளுடைய அரபுச்சொல். நவாபுகளின் வருவாய்த்துறை வழியாகவும், பின்னர்க் கும்பினியாரின் நீதிமன்றங்கள் வழியாகவும் தமிழில் புகுந்து, கடன்பட்டார் பொருளைக் கைப்பற்ற வரும் பணியாளனுக்குப் பெயராயிற்று. எனவே இப்பழமொழி இன்றுள்ள வடிவில் சில நூற்றாண்டுகட்கு முற்பட்டதாக இருத்தல் இயலாது. பழைய நம்பிக்கை ஒன்றின்மீது புதிய அச்சம் ஒன்று வந்து ஏறியதாகக் கொள்ளுதலே நேரிது. ஆற்றங்கரையூர்களில் ஆமை வீட்டினுள் வருதல் வெள்ளம் வாயில் வரை வந்துவிட்டதன் அறிகுறி. காவிரிக் கரையில் வாழ்வார்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. அந்நம்பிக்கைக்கு இதுவே முழுக்காரணம் என்று யான் சாதிக்கவில்லை. ஜீயபுரத்து மூதாட்டியாரின் பதற்றத்தைக் கண்ட எனக்கு இவ்வாறு தோன்றியது.

ஒன்று மட்டும் தெளிவு. மனைக்கு ஆகாத இவ்வுயிர் கோயிலுக்கு ஆயிற்று. கொள்ளிடக் கரையை நோக்கிய திருவரங்கத்துத் தசாவதாரச் சந்நிதியில் கூர்மத்திற்கும் இடமுண்டு. காஞ்சிபுரத்துக் கச்சபேசுவரர் கோயில், திருமால் ஆமை வடிவில் சிவனை வழிபட்ட தலமாகக் கூறப்படும். ஆந்திர நாட்டுச் சிரீகாகுளம் மாவட்டத்தில் உள்ள ஸ்ரீகூர்மம் கூர்மவடிவையே மூலவராகக் கொண்டது. இராமானுசர் வரலாற்றோடு இணைத்துப் பேசப்படுவது. அக்கோயில் வளாகத்தில் நட்சத்திர ஆமைகளை வைத்து இலைதழை இட்டுப் பேணி வருகின்றனர். இந்தியாவில் ஆமையை உணவிட்டு வளர்க்கும் மரபினைத் தேடுவார் வீடுகளை விடுத்துக் கோயில்களையே நாடுதல் வேண்டும்.

பேராமை வளர்த்த கதை இதனின்றும் முற்றிலும் வேறானது. அதன் களம் இந்தியப் பெருங்கடலின் மேலைத் தீவுகள். மொரீசியசு, ரீயூனியன், ரொட்ரீக்சு, சீசெல்சு, அல்தாப்ரா ஆகியவற்றில் மனிதர் காலடி படுமுன் பேராமைகள் கூட்டம் கூட்டமாக வாழ்ந்தன. மாதக்கணக்கில் உணவும் நீருமின்றிக் கப்பலின் அடித்தளத்தில் உயிரோடு கிடக்கக்கூடிய அவ்விலங்கு மாலுமிகளுக்கு நடமாடும் இறைச்சிக் களஞ்சியம் ஆயிற்று. பல்லாயிரக்கணக்கில் ஏற்றிச்சென்று தின்றனர். மொரீசியசிலும் அதன் அண்டைத் தீவுகளிலும் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிக்குள், அல்லது அதனை ஒட்டி, அவை அற்றுப்போயின. 1874இல் டார்வின், ஊக்கர் முதலிய அறிஞர்கள் மொரீசியசு ஆளுநர்க்கு முறையீடு அனுப்பி, அல்தாப்ராவில் எஞ்சியவற்றையேனும் காக்குமாறு வேண்டினர். இன்று அப்பவளத் தீவில் ஏறத்தாழ ஒரு நூறாயிரம் ஆமைகள் உள்ளன.

இக்கடல் வரலாற்றில் தமிழர்க்கும் இடமுண்டு. 1735 முதல் 1746 வரை மொரீசியசை ஆண்ட லா பூர்தொன்னே, போர்ட் லூயி நகரை எழுப்பப் புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கொற்றர்களையும் கைவினைஞரையும் அழைத்துச் சென்றான். சீசெல்சைப் பார்த்துவருமாறு 1742இல் கப்பல் விடுத்தவனும் அவனே. அத்தீவுக்கூட்டத்தின் பெருந்தீவாகிய மாயே அவன் பெயரால் வழங்குவது. 1746இல் சென்னைப் பட்டினத்தைக் கைப்பற்றியவனும் அவனே. சீசெல்சில் 1770இல் குடியேறிய முதல் இருபத்தெண்மருள் ஐவர் தென்னிந்தியர். தீவில் ஆமைகள் நிறைந்திருந்த காலம் அது. ஆமை புகுந்த வீட்டிற்கு அஞ்சும் நாட்டிலிருந்து சென்ற அவ்வைவர், ஆமைகளின் வீட்டிற்குள் தாம் புகுந்தபோது என்ன நினைத்தனரோ? அதனை எழுதி வைப்பார் இலர்.

தின்னாது விட்ட சிலவற்றை ஐரோப்பியர் காட்சிப்பொருளாக வளர்க்கத் தலைப்பட்டனர். 1766இல் மரியோன் தியூ பிரேசுன் என்னும் பிரெஞ்சுக் கப்பற்றலைவன் சீசெல்சிலிருந்து மொரீசியசுக்குக் கொணர்ந்தவற்றுள் ஒன்று போர்ட் லூயிப் படைவீட்டில் 1918 வரை வாழ்ந்தது. கொழும்பு முகத்துவாரத்தில் மாளிகைத் தோட்டமொன்றில் இருந்த பேராமை, ஒல்லாந்தர் நகரை 1796இல் ஆங்கிலேயரிடம் விடுத்தபோதே அங்கிருந்ததாகச் சொல்லப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மாண்டது. செயிண்டு எலினா ஆளுநர் மாளிகைக்கு 1882இல் வந்த சோனாதன் என்னும் ஆமைக்கு 2022இல் நூற்றுத் தொண்ணூறாம் ஆண்டு விழா எடுத்தனர்.

இந்தியாவில் இவ்வகையிற் புகழ் பெற்றது கல்கத்தா அலிப்பூர் விலங்குக் காட்சிசாலையில் இருந்த அத்வைதன். இருநூற்றைம்பது கிலோ எடையினதாகக் கூறப்பட்ட அவ்வாமை கோதுமைத் தவிடும் கேரட்டும் ஊறிய கடலையும் புல்லும் தின்று வாழ்ந்து, 2006 மார்ச்சில் இறந்தது. அகவை இருநூற்றைம்பதற்கு மேல் என்றும், சீசெல்சு மாலுமிகள் இராபர்ட் கிளைவுக்கு அளித்த நான்கு ஆமைகளுள் அது ஒன்று என்றும், பரக்பூரில் கிளைவின் தோட்டத்தில் வளர்ந்து 1870களில் அலிப்பூருக்கு வந்ததென்றும் உலகச் செய்தித்தாள்கள் எழுதின.

திருச்சிராப்பள்ளியார்க்குக் கிளைவு புதியவன் அல்லன். 1751இல் கோட்டையினுள் முற்றுகையுண்டிருந்த முகமது அலிக்குத் துணையாகச் சிறுபடையோடு இங்கு வந்தவன். பின் ஆர்க்காட்டைப் பிடித்தவன். 1752 ஏப்பிரலில் சமயபுரத்தில் பாளையம் இறங்கி, திருவரங்கத் தீவில் அடைபட்ட பிரெஞ்சுத் தளபதி லாவுக்கு வடக்கு வழியை அடைத்தவன். அவ்வாண்டு சூனில் லா சரணடைந்தான். சந்தா சாகிபு கொலையுண்டான். திருவரங்கத்து மதில்களைக் கண்ட கண்கள் அவ்வாமையையும் கண்டன என்று சொல்ல நமக்கு ஆசை எழுவது இயல்பே. ஆயின் வரலாறு அவ்வாசைக்கு இடம் தருகின்றதா?

கிளைவு இந்தியாவை விட்டு இறுதியாக நீங்கியது 1767 தொடக்கத்தில். 1774இல் அவன் இறந்தான். பரக்பூரில் படைவீடு அமைந்ததே 1770களில். அங்கு ஆளுநர் மாளிகையும் பூங்காவும் விலங்குக் கூடமும் வெல்லசுலி காலத்தன; அவன் தலைமை ஆளுநனாக இருந்தது 1798 முதல் 1805 வரை. மைசூரையும் மலையாளத்தையும் சுற்றி எழுதிய புகானன் என்னும் மருத்துவ அறிஞனே அவ்விலங்குக் கூடத்தை முதலில் மேற்பார்த்தான். எனவே பரக்பூரில் கிளைவின் தோட்டம் என்பது காலத்தோடு பொருந்தாக் கூற்று. மேலும், சீசெல்சில் பிரெஞ்சுக் குடியேற்றமே 1770இல்தான் தொடங்கியது. அத்தீவுகள் ஆங்கிலேயர்க்கு முதன்முதல் பணிந்தது 1794இல். 1767க்கு முன்னர் ஆங்கில மாலுமிகள் அங்கிருந்து ஆமை கொணர்ந்து ஆங்கிலத் தலைவனுக்குக் காணிக்கை தருதல் எளிதன்று.

முற்றும் இயலாததும் அன்று. பிரெஞ்சுக்காரர் கப்பல்கள் மொரீசியசிலிருந்து புதுச்சேரிக்கும் சந்திரநகருக்கும் இடையறாது வந்து சென்றன. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் புரட்டுவார் கப்பல் வரவும் காணிக்கை வரிசையும் எத்துணை நுணுக்கமாக அதில் பதிந்துள்ளன என்பதை அறிவர். சந்திரநகரைக் கிளைவு 1757இல் கைப்பற்றினான். அங்குப் பிரெஞ்சுக்காரர் வைத்திருந்த ஆமை அவன் கைக்கு வந்திருக்கலாம் எனின், அது 'இருக்கலாம்' என்னும் அளவிலேயே நிற்கும். வெல்லசுலி காலத்திற்குப் பின்னர், தீவுகள் ஆங்கிலேயர் வசமான நாளில், பரக்பூர்ப் பூங்காவிற்கு அது வந்திருத்தல் கூடும் என்பதே சான்றுகளோடு மிகவும் இயைவது. அங்ஙனமாயினும் அதன் அகவை இருநூற்றை நெருங்கும். அது சிறுமையன்று.

ஆமைக்குத் தன் பிறப்பாண்டைச் சொல்லத் தெரியாது. ஆதலின் அருகில் உள்ள பெரும்பெயர் எதுவோ அது அதன்மேல் வந்து ஒட்டிக்கொள்ளும். ஆத்திரேலியாவில் அதே 2006ஆம் ஆண்டில் இறந்த ஆரியட் என்னும் கலாபகசு ஆமையை டார்வின் கொணர்ந்தார் என்றனர். அதன் மரபுக்கூறுகளை ஆராய்ந்தபோது, டார்வின் கால்வைக்காத தீவு ஒன்றன் இனத்தோடு அது பொருந்தியது. தோங்காத் தீவு அரச குடும்பத்தார் வைத்திருந்த ஆமையை 1777இல் குக்கு அளித்தார் என்பர். நம் தனிப்பாடல்கள் நிலையும் இதுவே. ஆசிரியர் பெயர் இல்லாத வெண்பா ஒன்று கம்பருக்கோ ஔவையாருக்கோ காளமேகத்திற்கோ உரியதாகிவிடுதலை நாம் நாள்தோறும் காண்கின்றோம். அப்பெயர்களைப் பிரித்தெடுப்பதில் வருந்தும் மாணவர்க்கு அத்வைதனின் வரலாறு ஒரு நல்ல பயிற்சி.

இக்காலத்து நிலையைச் சுருங்கக் கூறுவல். 1976இல் தொடங்கப்பெற்ற சென்னை முதலைப் பண்ணையில் அல்தாப்ரா ஆமைகளை இன்று எவரும் காணலாம். நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்திருத்தலை 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கின்றது. 2019இல் பன்னாட்டு வாணிகத் தடையும் இறுக்கப்பட்டது. வெளிநாட்டு அரிய உயிர்களை வளர்ப்போர் அவற்றைப் பதிவு செய்தல் வேண்டுமென 2024இல் விதிகள் வந்தன. ஆயினும் பெட்டிகளுள் அடைத்து வைத்த ஆமைக் குஞ்சுகளைத் திருச்சிராப்பள்ளி வானூர்தி நிலையத்தில் சுங்கத்துறையினர் கைப்பற்றிய செய்திகளை நாளிதழ்களில் காண்கின்றோம். ஆமை புகுந்தால் கேடு என்றஞ்சிய மக்களிடையே, ஆமை புகுந்தால் செல்வம் என்று சொல்லி விற்பாரும் தோன்றியுள்ளனர். பழமொழி தலைகீழாயிற்றேயன்றி ஆமைக்கு நன்மை விளைந்திலது.

ஜீயபுரத்துக் கிணற்றாமை பாலாமை இனத்தது என்று அதன் மென்மையான ஓட்டினைக் கொண்டு அறிந்தேன். மாலையில் அதனை வாளியில் இட்டுக் கயிற்றால் கிணற்றுள் இறக்கினர். முதன்முதல் அதனை அங்கு விட்டவர் யாவர் என வினவினேன். எவரும் விடவில்லை, தம் தந்தையார் காலத்தில் வாய்க்கால் வெள்ளத்தோடு தானே வந்தது என்றார் வீட்டுக்காரர். அன்று, தம் மாமியார் காவிரியிலிருந்து எடுத்துவந்து விட்டது என்றார் அவர் அன்னையார். இரண்டனையும் குறித்துக்கொண்டேன்.